சிதம்பரம் போகிற வழியெல்லாம் குழி

காலை ஏழு மணிக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் தங்கியிருந்த லாட்ஜ் வாசலில் கார் வந்து நின்றபோது எனக்கு உற்சாகமாகத்தான் இருந்தது. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். இனிமேல் நான் சொல்லப்போவதைப் படித்துவிட்டு, இந்தப் பெண்மணி கிளம்பும்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பியிருப்பாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

நான் திருப்பூர்க்காரி. ஒரு பனியன் கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். கப்பல் எனக்காகக் காத்திருக்காது என்பதை வைத்தே என் பிழைப்பு நடக்கிறது. கூட வேலை பார்க்கும் பெண்ணின் கல்யாணத்துக்காகக் கடலூர் வந்தவள், மறுநாள் சிதம்பரத்தைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே மாலை ரயிலில் திருச்சி போய், ஊருக்கு வண்டி மாறுவதாகத் திட்டம். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்தான் குணசேகரனின் பெயரைச் சொன்னார். "தொல்லியல்ல எம்.ஏ. படிச்சவரு. மத்த கைடு மாதிரி வாய்க்கு வந்த கதய வுடமாட்டாரு," என்றார். காருக்கும் கைடுக்கும் சேர்த்து மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஒத்துக்கொண்டேன்.

குணசேகரனுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கட்டம் போட்ட சட்டை, தோளில் துணிப்பை, கால்களில் காய்ந்த சேறு ஒட்டிய கான்வாஸ் ஷூ. வணக்கம் சொல்லும்போதுகூட என் முகத்தைப் பார்க்காமல் என் காலடி மண்ணைத்தான் பார்த்தார். கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன். கார் ஓட்டியவன் முருகவேல், அவர் மனைவியின் தம்பி. இவன் அவரை மாமா என்கிறான், அவர் இவனை மச்சான் என்கிறார். உறவுக்காரர்கள் சேர்ந்து செய்கிற தொழில், ஒழுங்காக இருக்கும் என்று அப்போது நம்பினேன்.

"பன்னெண்டு மணிக்கு நடை சாத்திருவாங்களாமே. அதுக்குள்ள நடராஜரைப் பார்த்தாகணுங்க," என்று ஏறும்போதே சொன்னேன்.

"நாப்பத்தஞ்சு கிலோமீட்டர்தான் மேடம். தாராளமா போயிடலாம்," என்றார் குணசேகரன். முருகவேல் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தான். அதன் அர்த்தம் பிறகுதான் புரிந்தது.

முதலில் தேவனாம்பட்டினம். கெடிலம் கடலோடு சேர்கிற இடத்துக்குப் பக்கத்தில், வெள்ளைக்காரன் காலத்துக் கோட்டையில் மிச்சம் இருப்பதைப் பார்க்கப் போனோம். மிச்சம் என்றால் மிச்சம்தான். செங்கல் தெரியும் ஒரு சுவரைக் காட்டி, இது கோட்டைச் சுவரா என்று கேட்டேன். "அப்பிடித்தான் சொல்லுவாங்க. எனக்கு டவுட்டு இருக்குது," என்றார். கோட்டை பார்க்கக் காசு கொடுத்தவளிடம் கைடே கோட்டையைச் சந்தேகப்பட்டால் நான் எதைப் போய்ப் படம் எடுப்பது? ஆனாலும் ஆற்றின் போக்கு மாறியது, கப்பல்கள் எங்கே நின்றிருக்கும், உப்புக் காற்று செங்கல்லை எப்படித் தின்னும் என்றெல்லாம் அவர் சொன்ன விதம் நன்றாக இருந்தது. எட்டே காலுக்குக் கிளம்பிவிட்டோம். நேரம் கையில் இருந்தது.

முதுநகரில் ஒரு தெருவில் சாக்கடைக்காகப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். "மச்சான், ஓரங்கட்டு," என்றார் குணசேகரன்.

"மாமா, மேடம் கோயிலுக்குப் போவணும்."

"ரெண்டு நிமிசம்."

காரை நிறுத்துவதற்குள் கதவைத் திறந்து இறங்கி, அந்தப் பள்ளத்துக்குள் குதித்துவிட்டார். நான் கண்ணாடியை இறக்கிப் பார்த்தேன். பள்ளத்தின் சுவரைக் கையால் தடவிக்கொண்டு, மேலே இருந்த கறுப்பு மண், கீழே இருந்த மஞ்சள் மணல் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார். பிறகு ஓரிடத்தில் குனிந்து, பையிலிருந்து கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட ஓர் அளவுகோலை எடுத்தார். "மச்சான், வந்து இத புடி."

"நான் வண்டி ஓட்ட வந்தேன். ஸ்கேலு புடிக்க வர்ல," என்றான் முருகவேல், ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்காமல்.

அவர் அளவுகோலுக்கு ஒரு கல்லை அண்டை கொடுத்து நிற்க வைத்து, போனில் படம் எடுத்தார். ஏறி வந்ததும் நான் கேட்டேன். பள்ளத்தில் நீலப் பூ வரைந்த ஒரு பீங்கான் துண்டு இருந்ததாம், சீனத்து ஓடாக இருக்கலாமாம். சரி, காட்டுங்கள் என்றேன். எடுத்து வரவில்லை என்றார்.

"எடுத்துட்டு வந்தா அது வெறும் ஓடு மேடம். எந்த மண்ணுல, எதுக்குப் பக்கத்துல கெடந்துதோ அதோட இருந்தாத்தான் அதுக்கு விஷயம்."

அரை மணி நேரம் சேற்றில் இறங்கிவிட்டு வெறுங்கையோடு வருகிற மனிதரிடம் என்ன பேசுவது? நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை.

ஆலப்பாக்கம் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் மண்ணை வெட்டிக் குவித்திருந்தார்கள். மறுபடியும் ஓரங்கட்டு, மறுபடியும் ரெண்டு நிமிடம். இந்தத் தடவை அவர் குவியலுக்குப் பின்னால் போய் மறைந்தே விட்டார். வெயில் ஏறிவிட்டது. அவருடைய போன் சீட்டில் கிடந்து அடித்தது. முருகவேல் எடுத்தான்.

"ம்... இல்லக்கா... எறங்கிட்டாரு. எங்கயா? இன்னா புதுசா கேக்கற, குழிலதான்... கேட்டுச் சொல்றேன்க்கா." வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பிப் புலம்ப ஆரம்பித்தான். அவனுக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது போலிருக்கிறது.

குமராட்சி போகும் சாலையில் குணசேகரன் ஒரு மனை வாங்கியிருக்கிறார். வாடகை வீட்டில் பதினைந்து வருடம் இருந்துவிட்டுப் பாங்கு லோன் போட்டு வீடு கட்ட ஆரம்பித்தார். அஸ்திவாரத்துக்கு ஈசானிய மூலையில் தூண் குழி வெட்டியபோது மண்வெட்டி எதிலோ இடித்தது. சுட்ட மண்ணால் செய்த உறை. அதன் கீழே இன்னொரு உறை, அதன் கீழே இன்னொன்று. உறைகிணறு.

"எந்தக் காலத்துது?" என்றேன்.

"அதான் தெரியாதுங்கறாரு. நூறு வருசமாவும் இருக்கலாம், ரெண்டாயிரம் வருசமாவும் இருக்கலாமாம். தோண்டிப் பாத்தா தெரியும், ஆனா அவரு தோண்டக் கூடாதாம். தொல்லியல் ஆபீசுக்கு எழுதிப் போடணும், அவுங்க வந்து பாக்கணும். அவுங்க எப்ப வர்றது, நாங்க எப்ப ஊடு கட்டறது? மூணு வாரமா அப்டியே கெடக்குது. நாளைக்குக் காலையில கொத்தனாரு கான்கிரீட்டு போட வர்றாரு. போடச் சொல்றதா வேணாமான்னு எங்கக்கா கேட்டுகினே இருக்குது. இவரு வாயத் தொறக்க மாட்டேங்கறாரு."

"எழுதிப் போட வேண்டியதுதானே? அதைப் படிச்சவர்தானே அவரு?"

"ஊரான் குழின்னா எழுதுவாரு மேடம். எதிர் ஊட்டுக் கலியபெருமாளு குழியில இதே மாதிரி உறை வந்துது. அன்னிக்கே எழுதிப் போட்டாரு. நாலு மாசம் ஒருத்தரும் வர்ல. மழை வந்து சிமெண்டு மூட்டைல்லாம் கல்லாப் போச்சு. புது ஊட்டுல பொண்ணு கல்யாணம் வெக்கணும்னு இருந்தாரு மனுசன், கடசில மண்டபம் புடிச்சாரு. அப்பறம் ஆபீசர் வந்து பாத்துட்டு, இது நேத்துக் கிணறுய்யா, மூடிக்கன்னுட்டுப் போயிட்டாரு."

இதைச் சொல்லி முடிக்கும்போது குணசேகரன் முழங்கால் வரை செம்மண்ணோடு திரும்பி வந்தார். "செல்வி போன் பண்ணிச்சா?" என்று கேட்டார். "பண்ணிச்சு," என்றான் மச்சான். வண்டியைக் கிளப்பினான்.

எனக்கு அவர் வீட்டுக் கவலையைவிட என் நடை சாத்துகிற கவலைதான் பெரிதாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். மணி பத்தே முக்கால்.

புதுச்சத்திரம் தாண்டி ஒரு புது மனையில் அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஓரங்கட்டு என்ற சொல் வருவதற்கு முன்பே வேடிக்கை நடந்தது. எங்கள் காரைப் பார்த்ததும் குழி ஓரம் நின்ற ஒரு அம்மாள் ஏதோ சத்தம் போட, இரண்டு ஆட்கள் ஓடிப்போய் நீலத் தார்ப்பாயைப் பிரித்துக் குழியின் மேல் போட்டு நான்கு மூலையிலும் செங்கல் வைத்தார்கள். இந்தக் காரை அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. குணசேகரன் அதற்கும் அசராமல் இறங்கிப் போனார். நானும் போனேன், இந்த முறை அவரைப் பிடித்து இழுத்து வருவதற்காக.

"ஒண்ணும் இல்ல சார். வெறும் மண்ணு," என்றார் அந்த அம்மாள்.

"வெறும் மண்ணத்தான் பாக்கணும்மா."

"இதுல இன்னா பாக்கறது? உங்க குழி இன்னா ஆச்சு சார்? எழுதிப் போட்டுட்டீங்களா?"

கேலியாகக் கேட்ட மாதிரி தெரியவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். குணசேகரன் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கக் குனிந்தவர், தூக்காமலே நிமிர்ந்துவிட்டார். "இன்னும் இல்லம்மா," என்று சொல்லிவிட்டு வந்து காரில் உட்கார்ந்தார். அன்று காலையில் அவர் இறங்காமல் விட்ட ஒரே குழி அதுதான்.

அதற்கப்புறமும் வெள்ளாற்றுப் பாலத்துக்கு முன்னால் ஓரிடத்தில் நின்றோம். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல இன்னும் ஐந்து நிமிடம் ஆகும்.

சிதம்பரம் கீழவீதியில் கார் நின்றபோது மணி பன்னிரண்டேகால். கோயில் வாசல் கடைக்காரர் எங்களைப் பார்த்துக் கையை விரித்தார். நடை சாத்தியாயிற்று, இனி சாயங்காலம்தான். நாற்பத்தைந்து கிலோமீட்டரைக் கடக்க ஐந்து மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொண்ட பயணம் என் வாழ்க்கையில் இது ஒன்றுதான். ஓட்டலில் கத்தரிக்காய் கொத்சு கேட்டேன். காலையிலும் ராத்திரியிலும்தான் உண்டு என்றார்கள். நூற்று இருபது ரூபாய்ச் சாப்பாட்டை வேகவேகமாகச் சாப்பிட்டுவிட்டு, வெளியே வந்ததும் குணசேகரனைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் உங்களைக் கூட்டிட்டு வந்தது ஊரைப் பார்க்க. நீங்க சாக்கடையைக் காட்டறீங்க. இதுதான் உங்க தொழிலுங்களா?" என்று நடுத்தெருவில் நின்று கேட்டேன். எங்கள் கம்பெனியில் நான் இந்தக் குரலில் பேசினால் லாரி டிரைவர்கள் எழுந்து நிற்பார்கள்.

"தப்புதான் மேடம். இன்னிக்கு என்னமோ ஜாஸ்தியாப் போயிடுச்சு," என்றார். முருகவேல் பல் குத்திக்கொண்டே, "டெய்லி ஒரு குழி, ரெண்டு குழி. இன்னிக்கு நாலஞ்சு," என்றான்.

நடை திறக்கும்வரை போக இடமில்லாமல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அங்கேதான் எனக்கு உறைத்தது. இவர் பொழுதைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். சாயங்காலம் வந்தால் வீட்டுக்குப் போக வேண்டும், போனால் மனைவிக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பயந்துதான் கண்ணில் பட்ட குழியிலெல்லாம் இறங்கியிருக்கிறார். அவருடைய பயத்துக்கு என் நடராஜர் தரிசனம் பலியாகியிருக்கிறது. கோபம் இன்னும் அதிகமாகிவிட்டது.

"எழுதிப் போடுங்க, இல்லாட்டி மூடுங்க. இதில இவ்வளவு யோசிக்க என்னங்க இருக்கு?" என்றேன்.

டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். "எழுதிப் போட்டா எத்தினி மாசம் ஆகும்னு தெரியாது மேடம். லோனு ஒரு பக்கம் ஓடுது, வாடக ஒரு பக்கம் ஓடுது. செல்வி தையல் மிசின் மிதிச்சு மிதிச்சு வாங்கின மனை அது. அதுகிட்ட போயி கிணறு வந்துடுச்சு, ஊடு கெடையாதுன்னு எப்பிடிச் சொல்றது? மூடிட்டேன்னு வைங்க, இனிமே நான் ஒருத்தன் குழியில எறங்க முடியாது. எறங்குனா அவன் சிரிப்பான்."

மாலையில் கோயிலுக்குள் போனோம். இதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும், அங்கே அவர் வேறு ஆள். கோபுர வாசலின் இரு பக்கமும் ஆடிக்கொண்டிருக்கும் கல் பெண்களை ஒவ்வொருத்தியாகக் காட்டி, எந்தக் கால் எங்கே ஊன்றியிருக்கிறது, அடுத்த கணம் உடம்பு எந்தப் பக்கம் திரும்பும் என்று சொன்னார். அதற்குப் பிறகு அவர்கள் கல்லாகத் தெரியவில்லை. இந்தக் கோயிலைப் பற்றிப் போனில் வந்த அதிசயத் தகவல்களைக் காட்டி நான் கேட்டதற்கெல்லாம் "ஆதாரம் இல்ல மேடம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பொன்னம்பலத்தில் தீபாராதனையின்போது கூட்டத்தில் கால் மணி நேரம் நின்றேன். அந்தக் கால் மணி நேரம் எனக்கு யார் மேலும் கோபமில்லை.

வெளியே வரும்போது மணி ஐந்தே முக்கால். ரயில் ஏழு இருபதுக்கு. செல்வியிடமிருந்து மறுபடி போன். குணசேகரன் பேசிவிட்டு என்னிடம் வந்து நின்றார். "மேடம், பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர்தான். ஒரு எட்டு போயிட்டு வந்துடலாமா? கொத்தனாரு பதில் கேக்கறாராம்."

இந்த மனிதரின் கிலோமீட்டர் கணக்கை நான் காலையிலேயே பார்த்துவிட்டேன். இருந்தும் சரி என்றேன். ஏன் என்று இப்போதும் தெரியவில்லை. அந்தக் குழியைப் பார்க்காமல் ஊருக்குப் போனால் தூக்கம் வராது என்று தோன்றியிருக்கலாம்.

சாலையை ஒட்டிய மனை. பின்னால் நெல் வயல். ஜல்லி ஒரு குவியல், மணல் ஒரு குவியல், கம்பி கட்டி நிறுத்திய தூண்கள். ஒரு மூலையில் மட்டும் தகரம் போட்டு மூடியிருந்தது. செல்வி அதன் பக்கத்தில் நின்றிருந்தார், கழுத்தில் இன்னும் துணி அளக்கும் இஞ்சு டேப் தொங்கியது. என்னைப் பார்த்து வாங்க என்றார். புருஷனிடம் தகரத்தைக் காட்டினார்.

குணசேகரனும் முருகவேலும் தகரத்தை நகர்த்தினார்கள். எட்டிப் பார்த்தேன். ஆளுயரக் குழியின் சுவரில் பாதி புதைந்து, செங்கல் நிறத்தில் மூன்று வளையங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தன. மேல் வளையத்தின் விளிம்பில் யாரோ விரலால் அழுத்தி அழுத்திப் பள்ளம் வைத்திருந்தார்கள். அவ்வளவுதான். இதற்காகவா என்று ஒரு பக்கம் தோன்றியது. அந்த விரல் தடத்தை விட்டுக் கண் நகரவும் மாட்டேன் என்றது.

"சொல்லுங்க," என்றார் செல்வி. "போடச் சொல்றதா, வேணாமா? எனக்கு ரெண்டுல எதுனாலும் சரி. ஊடு இல்லன்னா இல்லன்னு மிசினப் பாத்துகினு கெடப்பேன். மூணு வாரமா நீங்க பக்கத்துல படுத்துகினு மோட்டுவளையப் பாக்கறத மட்டும் என்னால பாக்க முடியல."

குணசேகரன் குழியைப் பார்த்தபடி நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "காலையிலிருந்து ஊரான் குழியெல்லாம் ஓடி ஓடி இறங்கினீங்க. நடை சாத்தற நேரத்தையும் பார்க்கலை, வெயிலையும் பார்க்கலை. இந்தக் குழியில மட்டும் ஏனுங்க மேலயே நிக்கறீங்க?" என்று கேட்டுவிட்டேன். யார் வீட்டு விஷயத்தில் யார் பேசுவது என்று எனக்கே தோன்றியது. சொன்னது சொன்னதுதான்.

அந்த நேரம் சாலைக்கு அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து லுங்கியும் துண்டுமாக ஒருவர் இறங்கி வந்தார். கலியபெருமாள் இவர்தான் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. முருகவேல் முகம் இறுகியது. வந்தவர் குழியையும் எங்களையும் பார்த்துவிட்டுக் குணசேகரனிடம் மெதுவாகச் சொன்னார். "மூடிடுங்க சார். நாளைக்கே கான்கிரீட்ட கொட்டிடுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். இந்தத் தெருவுல ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க, அதுக்கு நான் பொறுப்பு. நாங்க பட்டது போதும், நீங்களும் எதுக்குப் படணும்?"

அவர் குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. நிஜமாகவே சொன்னார்.

குணசேகரன் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அன்று முழுவதும் அவர் ஒரு மனிதரின் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்து நான் பார்க்கவில்லை. பிறகு ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கினார். மூன்று வாரத்தில் இப்போதுதான் இறங்குகிறார் என்று செல்வி என் காதோரம் சொன்னார். கீழே நின்று வளையத்தின் மேல் கை வைத்துப் பார்த்தார். துணிப்பையைத் திறந்தார். "மச்சான்," என்றார், அவ்வளவுதான்.

முருகவேல் ஒரு நிமிடம் அக்காவைப் பார்த்தான். செல்வி தலையை ஆட்டினார். செருப்பை உதறிவிட்டு இறங்கி, அளவுகோலை வாங்கி வளையத்தோடு சேர்த்துப் பிடித்தான். முகம் இன்னும் உர்ரென்றுதான் இருந்தது. இருட்டத் தொடங்கிவிட்டதால் நான் போன் விளக்கைப் போட்டு மேலிருந்து காட்டினேன்.

"சாஞ்சி இருக்குது பாரு," என்றார் கலியபெருமாள் குழி ஓரத்தில் குந்தியபடி. "நேரா புடி. நம்பர் இருக்கற பக்கம் வெளிய தெரியணும். வெரலு மறைக்கக் கூடாது. எங்க குழில நாந்தான் புடிச்சேன்."

படம் எடுத்தது, அங்கேயே நின்று போனில் ஆபீசருக்கு எழுதியது, எழுதியதைச் செல்வியிடம் ஒரு தடவை படித்துக் காட்டியது, செல்வி கொத்தனாரைக் கூப்பிட்டு நாளைக்கு வர வேண்டாம் என்று சொன்னது, இதற்கெல்லாம் எவ்வளவு நேரமானது என்று நான் பார்க்கவில்லை. பார்த்தபோது என் ரயில் சிதம்பரத்தை விட்டுப் போயிருந்தது.

திருச்சி பஸ் அந்த வழியாகத்தான் போகும், கை காட்டினால் நிற்கும் என்றார்கள். முருகவேல் என் பெட்டியைச் சாலை ஓரத்தில் கொண்டுவந்து வைத்தான். பஸ் வரும்வரை செல்வி என்னோடு நின்றார். ஊரில் எங்கள் கம்பெனிக்குப் பக்கத்திலும் ஒரு கட்டடம் எழும்புகிறது. காலையில் ஜேசிபி வந்தது, சாயங்காலம் அஸ்திவாரக் குழி தயார், இரண்டே நாளில் கான்கிரீட். இங்கே மாதிரி ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. எங்கள் வேகத்தைப் பற்றி எனக்கு எப்போதும் பெருமைதான். அன்று அதைச் செல்வியிடம் சொல்ல வாய் வரவில்லை.

படிக்கிறவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. சிதம்பரம் கோபுரத்தைப் பார்க்க குணசேகரனைவிட நல்ல ஆள் கிடைக்க மாட்டார். ஆனால் அன்றைக்கே ரயில் பிடிக்க வேண்டியவர்கள் அவரோடு போக வேண்டாம்.

பஸ் வெளிச்சம் தெரிந்ததும் செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த தபா வந்தா லாட்ஜுக்கெல்லாம் போவாதீங்க மேடம். நம்ம ஊட்லயே தங்கிக்கலாம்," என்றார். அவருக்குப் பின்னால் ஜல்லிக் குவியலும், தூண்களும், தகரத்தை மறுபடி குழிமேல் இழுத்துப் போடுகிற மாமனும் மச்சானும் தெரிந்தார்கள். கட்டாயம் வருகிறேன் என்றேன். எந்த வீட்டில் என்று கேட்கவில்லை.